சுவர்க் கறைக்கு எது: சோப்புத் தண்ணீரா, மெலமைன் ஸ்பாஞ்சா?

முதலில் பெயின்ட்டைப் பாருங்கள். ஈரத்துணியால் ஒரு மூலையில் தேய்த்தால் நிறம் துணியில் ஒட்டுகிறதா? அது பெரும்பாலும் டிஸ்டம்பர் பூச்சு, இரண்டுமே வேண்டாம், காய்ந்த துணியோடு நிறுத்துங்கள்.

நிறம் ஒட்டாத எமல்ஷன் பெயின்ட் சுவரில் கை அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புத் தண்ணீர்தான் சரி. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் போதும். துணியை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் வழிந்து கோடு விழும். பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைப்பது அவசியம். சோப்பு தங்கினால் தூசி சீக்கிரம் ஒட்டும். சுவிட்ச் போர்டு பக்கத்தில் மெயினை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.

நாற்காலி உரசிய கறுப்புக் கோடு, கிரயான் கிறுக்கல் சோப்புக்கு எளிதில் அசையாது. அங்கே மெலமைன் ஸ்பாஞ்ச், அதாவது ‘மேஜிக் இரேசர்’ என்று விற்கும் வெள்ளை நுரைக்கட்டிதான் கைகொடுக்கும். ஆனால் அது கறையைக் கரைப்பதில்லை, மிக நுண்ணிய உப்புத்தாள் போலச் சுரண்டுகிறது. அழுத்தித் தேய்த்தால் மேட் (பளபளப்பில்லாத) சுவரில் பளபளப்புத் திட்டு விழும். பளபளப்பான சுவரோ மங்கிவிடும். இரண்டையும் துடைத்துச் சரிசெய்ய முடியாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். நனைத்துப் பிழிந்து, மெல்ல நாலைந்து தேய்ப்பு, அவ்வளவே. அடர்நிறச் சுவரில் இதைத் தவிர்ப்பதே நல்லது.