கர்சர் கசிவைப் பிடிக்க வி$ஓப்பன்_கர்சர்: என் அனுபவம்

இரவில் ஓடும் எங்கள் சரிபார்ப்பு நிரல் சில நூறு சுற்றுகள் போனதும் ஆரக்கிள் தரவுத்தளத்தின் ஓஆர்ஏ-01000 பிழையோடு (திறந்த கர்சர்கள் வரம்பைத் தாண்டிவிட்டன என்று பொருள்) நின்றுவிடும். கர்சர் என்பது ஒரு வினவலை இயக்கத் தரவுத்தளம் திறந்து வைக்கும் கைப்பிடி; மூடாமல் விட்டால் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் கசிவு. கர்சர் வரம்பை 300-இலிருந்து 1000 ஆக்கினோம். நிற்கும் நேரம் தள்ளிப்போனதே தவிர, நிற்காமல் இல்லை.

அப்புறம்தான் எந்தச் செஷனில் (தரவுத்தள இணைப்பில்) எந்தக் கர்சர்கள் இருக்கின்றன என்று காட்டும் ஆரக்கிளின் வி$ஓப்பன்_கர்சர் வியூவைத் திறந்தேன். செஷன் எண்ணைக் கொடுத்து, எஸ்கியூஎல் ஐடி (ஒவ்வொரு வினவல் வாக்கியத்துக்குமான அடையாளம்) வாரியாக எண்ணினேன். ஒரே செலக்ட் நூற்றுக்கணக்கில் திறந்தபடி கிடந்தது! அந்த வரியைத் தேடிப் போனால், லூப்பின் கடைசியில் குளோஸ் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் தரவு கிடைக்காத சுற்றுகளில் நடுவிலிருந்த கன்டினியூ (அடுத்த சுற்றுக்குத் தாவச் சொல்லும் கட்டளை) அந்தக் குளோஸைத் தொடவே விடவில்லை. குறியீட்டை மட்டும் வாசித்திருந்தால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

குறையும் உண்டு. வாக்கியத்தின் முதல் 60 எழுத்துகள்தான் தெரியும். கேஷில் வைத்த கர்சர்களும் கலந்து வருவதால் மொத்த எண்ணிக்கைக்கு இதை நம்ப வேண்டாம். அதற்கு, செஷன் வாரியாகப் புள்ளிவிவரம் தரும் வி$செஸ்ஸ்டாட்டில் 'ஓப்பன்ட் கர்சர்ஸ் கரன்ட்' மதிப்பைப் பாருங்கள்.

வினவலை முன்கூட்டியே தயாராக்கும் பிரிப்பேரை லூப்புக்கு வெளியே எடுத்தேன். வினவலின் முடிவைத் தாங்கும் ரிசல்ட்செட்டை, வேலை முடிந்ததும் தானாகவே மூடிவிடும், ஜாவா 7-இல் வந்த ட்ரை-வித்-ரிசோர்ஸஸுக்குள் வைத்தேன். இப்போது நிரல் முழுதாக ஓடி முடிகிறது, எண்ணிக்கையும் ஏறுவதில்லை.