நகச்சொத்தை: ஓர் ஏலத்தோட்டக் கணக்குப்பிள்ளையின் ஆறு ஆண்டு அனுபவம்

எனக்கு வீடு கம்பத்தில். வேலை எல்லைக்கு அப்பால், கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில். இருபத்திரண்டு ஆண்டுகளாக விடிகாலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, காய் எடுப்பவர்களின் எடைக் கணக்கை எழுதிவிட்டு, மாலையில் இறங்கி வருகிறேன். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை அட்டைக்கும் சேற்றுக்கும் பயந்து கம்பூட்ஸ் என்னும் உயரமான ரப்பர் காலணியைக் கழற்ற முடியாது. மழைநீர் மேல்வழியாக இறங்கிவிட்டால் அன்று முழுவதும் பாதம் அந்தத் தண்ணீரிலேயே ஊறும். 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் செறுதோணி மதகைத் திறந்துவிட்ட அந்தப் பெருமழையின்போது, என் கால்விரல் இடுக்குகள் வெளுத்துப் பிளந்து சேற்றுப்புண் வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது இருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறு ஆண்டு ஆனியில் வலது பெருவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அது மெல்ல மஞ்சளாகி, நகத்துக்கு அடியில் சுண்ணாம்புத் தூள் போன்ற ஒன்று சேரத் தொடங்கியது. நகவெட்டியை வைத்தால் நகம் வெட்டுப்படாமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, நனைந்த சாக்கின் வாடையும் அடித்தது. நாம் நகச்சொத்தை என்பதை மலை மேல் இருப்பவர்கள் குழிநகம் என்கிறார்கள். காய் எடுக்க வரும் மூத்த பெண்மணி ஒருவர், “மருதாணிய அரைச்சு வச்சுக் கட்டுப்பா, ரெண்டு அமாவாசையில புது நகம் வந்துரும்” என்றார். நான் ஆறு அமாவாசை வரை வைத்துக் கட்டினேன். நகத்தின் மஞ்சள் செம்மண் நிறத்தில் மறைந்திருந்ததைத் தவிர வேறு பலன் இல்லை. மருதாணியின் மீது எனக்கு மதிப்புக் குறைவு கிடையாது. நகத்தட்டுக்கு மேலே பூசுவது, தட்டுக்கு அடியில் குடியிருக்கும் பூஞ்சையைச் சென்று சேர்வதில்லை, அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு. எல்லைச் சாவடிகள் அடைபட்டு, நான் பல மாதங்கள் கம்பூட்ஸையே தொடாமல் வீட்டில் செருப்போடு இருந்தேன். விரலிடுக்குச் சேற்றுப்புண் மருந்தே இல்லாமல் ஆறிப்போனது. கால் காய்ந்தால் நகமும் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். நகமோ அந்த மாதங்களில்தான் பாதிக்கு மேல் தடித்தது. தோல் தன்னை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. நகம் அப்படிச் செய்வதில்லை.

இடையில் ஒரு தவறும் நடந்தது. மருந்துக் கடையில் காலைக் காட்டிக் கேட்டபோது ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். அரிப்பு இரண்டே நாளில் அடங்கியதால் அதைத் தெய்வ மருந்து என்று கொண்டாடி இரண்டு டியூப் தீர்த்தேன். பூஞ்சை மருந்தோடு வலுவான ஸ்டீராய்டும் கலந்த களிம்பு அது என்பது பின்னர் மருத்துவர் அட்டைப் பெட்டியைப் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். பூஞ்சையோ அந்த மறைவில் பரவிக்கொண்டிருக்கும். என் புறங்காலில் வட்டவட்டமாகப் படர்தாமரை வந்தது அந்தக் களிம்பின் உபயம்.

2021 பிப்ரவரியில் தேனியில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். மருந்து எழுதுவதற்கு முன் அவர் நகத்தை ஒட்ட வெட்டி, அடியில் இருந்த தூளைக் கூடியவரை உள்ளிருந்து சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அதை ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியுமாம். சோரியாசிஸ், இறுக்கமான காலணியால் பட்ட பழைய அடி, முதுமை ஆகியவற்றாலும் நகம் இதே போலத் தடித்து நிறம் மாறும் என்பதால், சோதிக்காமல் மூன்று மாதம் மாத்திரை விழுங்குவது வீண் என்றார். எனக்கு இழைகள் தெரிந்தன. கல்லீரல் சோதனையும் சர்க்கரைச் சோதனையும் எடுத்த பிறகு டெர்பினாபின் 250 மி.கி. மாத்திரை தினம் ஒன்று, 12 வாரங்களுக்கு எழுதினார். அதோடு அமோரால்பின் 5 சதவீத நகப்பூச்சு, வாரம் ஒரு முறை.

அன்று அவர் சொன்ன ஒன்றுதான் இந்தச் சிகிச்சையை நான் பாதியில் விடாமல் காப்பாற்றியது. கெட்ட நகம் எந்த மருந்தாலும் நல்ல நகமாக மாறாது. வேரிலிருந்து புது நகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளர்கிறது, கால்நகம் அதில் பாதிதான். பெருவிரல் நகம் முழுவதும் மாறப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதங்கள் ஆகும். மாத்திரை மூன்று மாதம், நகம் ஒன்றரை ஆண்டு: இந்தக் கணக்குத் தெரியாமல், மாத்திரை தீர்ந்த அன்று நகம் அப்படியே இருப்பதைப் பார்த்து மருந்தைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஜீப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். நகத்தின் நுனியைப் பார்க்காமல் வேரைப் பார்க்க வேண்டும்.

கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் இதற்கும் ஒரு வழி செய்தேன். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தில் அரத்தால் மெல்லிய கோடு ஒன்று கீறி, மகளின் பள்ளி ஸ்கேலை வைத்து, நகக்கண்ணின் தோல் விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள தூரத்தை மாதத்தின் முதல் ஞாயிறன்று அளந்து எடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முதல் மாதம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. இரண்டாம் மாதம் ஒன்று. அதன் பிறகு ஒன்றேகால், ஒன்றரை என்று நகர்ந்தது. கோட்டுக்குப் பின்னால் வந்த நகம் ரோஜா நிறத்தில், தட்டையாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருந்தது. பெருவிரலையே இத்தனை ஆவலோடு பார்க்கும் மனிதனை வீட்டில் கேலி செய்தார்கள், இருக்கட்டும்.

பூச்சைப் போடுவது எளிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிறு குளித்த பின் நகத்தின் மேற்பரப்பைப் பெட்டியில் வரும் அரத்தால் தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்பே பூச வேண்டும். தேய்க்காமல் பூசிய இரண்டு வாரங்களில் பூச்சு படலமாக உரிந்து வந்துவிட்டது. கெட்ட நகத்துக்குப் பயன்படுத்திய அரத்தை நல்ல நகத்தில் வைக்கக் கூடாது. நகவெட்டியும் எனக்கென்று தனியாக வந்தது. நகவேர் வரை எட்டாத, ஓரத்தில் மட்டும் உள்ள சொத்தைக்குப் பூச்சு மட்டுமே போதும் என்றும், என்னுடையதைப் போலப் பாதிக்கு மேல் போனதற்கு மாத்திரை இல்லாமல் தீராது என்றும் மருத்துவர் சொன்னார்.

மாத்திரையின் ஏழாம் வாரத்தில் எனக்குச் சுவை போனது. அது 2021 ஏப்ரல். கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கருவாட்டுக் குழம்பு வெந்நீர் போல இருந்ததும் வீடே கலங்கிவிட்டது. என்னை மாடியறைக்கு அனுப்பினார்கள். ஆனால் சட்டைப் பையில் கிடந்த ஏலக்காயை நசுக்கினால் வாசம் முன்போலவே மூக்கைத் துளைத்தது. நாக்கு மட்டுமே மரத்திருந்தது. பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. மருத்துவரைப் போனில் கேட்டபோது, இது டெர்பினாபின் சிலருக்குத் தரும் பக்கவிளைவு என்று கூறி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். மாத்திரையை விட்ட பிறகும் மருந்து நகத்தில் பல வாரங்கள் தங்கும் என்பதால் பூச்சோடு பொறுத்துப் பார்ப்போம் என்றார். சுவை திரும்ப ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஆயின. முதலில் புளிப்பு வந்தது, கடைசியில்தான் உப்பு. எனக்குக் கல்லீரல் சோதனை இரண்டாம் முறையும் சீராகவே இருந்தது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது என்பதால், அடுத்தவர் சீட்டைக் காட்டி வாங்கி விழுங்குவது எங்கள் பக்கம் சர்வசாதாரணமாக நடப்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

மஞ்சள் நகத்தின் கடைசித் துண்டை 2022 ஆகஸ்டில் வெட்டினேன். புது நகத்தில் நீளவாக்கில் ஒரு சிறு வரப்பு மட்டும் மிஞ்சியது. அது இன்றும் இருக்கிறது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2023 அக்டோபரில் இடது சிறுவிரல் நகம் மங்கியது. காரணத்தை நானே கண்டுபிடித்தேன்: புது கம்பூட்ஸ் கிழிந்ததால், பரணில் கிடந்த, சொத்தை வந்த காலத்துப் பழையதை எடுத்து அந்த மழைக்காலம் முழுவதும் போட்டிருந்தேன். இப்போது இரண்டு ஜோடிகளை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றிப் போடுகிறேன். கழற்றியதும் உள்ளே செய்தித்தாளைத் திணித்துத் தலைகீழாக நிறுத்துகிறேன். காலுறை தினம் புதியது, போடும் முன் விரலிடுக்கைத் துணியால் ஒற்றிப் பூஞ்சைக்கான பவுடர். ஈரக் காலுறைகளை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் காயவைக்கப் பார்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவர் கோபம் நியாயம்தான். காலுறை வாடையில் ஊறிய காயை எவன் ஏலம் கேட்பான்?

சிறுவிரலுக்கு மாத்திரை வேண்டாம் என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம். ஓரத்தில் மட்டுமே இருந்ததால் பூச்சு போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு குப்பி தீர நான்கு மாதத்துக்கு மேல் ஆகிறது. இடையில் இரண்டு மழைக்காலங்களில் வேலை மும்முரத்தில் வாரக்கணக்காக விட்டுவிட்டதால் இழுத்துக்கொண்டே போகிறது. போன ஞாயிறு அளந்தபோது இன்னும் ஒரு மில்லிமீட்டர் பாக்கி இருந்தது.