மண்ணில் புதிய ஆன்டிபயாடிக்: பாக்டீரியாவை வளர்ப்பதா, டிஎன்ஏவைப் படிப்பதா?

1943இல் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது முதல், மண் கரைசலை ஆய்வகத் தட்டில் பரப்பி, சுண்ணாம்புத்தூள் படிந்தாற்போல் எழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவின் திட்டுகளைச் சுற்றி நோய்க்கிருமி வளராத தெளிந்த வளையம் தெரிகிறதா என்று பார்ப்பதே வழக்கமாக இருந்தது. ஆனால் மண் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு தட்டில் வளர்வதில்லை என்பதால், ஏற்கெனவே அறிந்த மருந்துகளே திரும்பத் திரும்ப அகப்பட்டன.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு குழியிலும் ஒரு செல் மட்டும் தங்கும்படி அமைத்து, ஊட்டப்பொருள்கள் ஊடுருவும் சவ்வால் மூடி, அந்த மண்ணிலேயே திரும்பப் புதைக்கும் ஐசிப் என்ற கருவி உருவானது. 2015இல் அறிவிக்கப்பட்ட டீக்சோபாக்டின் என்ற ஆன்டிபயாடிக் இவ்வழியில் வந்ததே. அது கிருமியின் புரதத்தை விட்டுவிட்டுச் செல்சுவரின் மூலப்பொருளான லிப்பிட் IIஐப் பற்றிக்கொள்வதால், எளிய மரபணு மாற்றத்தால் கிருமி தப்புவது கடினம்.

டிஎன்ஏ வழியில் எதையும் வளர்க்கவே வேண்டாம். மண்ணிலிருந்து நேரடியாகப் பிரித்த டிஎன்ஏவில் மருந்தாக்கும் மரபணுத் தொகுதியைத் தேடி, எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவில் பொருத்துகிறார்கள். 2018இல் வெளிவந்த மலாசிடின் இதன் பலன். எம்ஆர்எஸ்ஏ என்ற, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா தொற்றிய எலிகளின் தோல் புண்களை அது கிருமியற்றதாக்கியது. ஆயினும் தெரிந்த மரபணுச் சாயலைக் கொண்டே தேடுவதால், முற்றிலும் அறியாத வேதியமைப்பு இதில் நழுவிவிடக்கூடும். அத்தகைய புதுமையே இலக்கென்றால் நான் வளர்ப்பு வழியையே தேர்வேன். செல்சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வையும் கொண்ட கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகளுக்கு முன் மட்டும் இவ்விரு மருந்துகளும் பெரும்பாலும் செயலற்று நிற்கின்றன.