புதுச்சேரியில் டைவ் ஸ்கூட்டருக்கு பேட்டரி மாற்றுபவர்கள் கவனத்துக்கு

டைவ் ஸ்கூட்டர் (கடலுக்கடியில் நம்மை இழுத்துக்கொண்டு போகும் மோட்டார் கருவி) வைத்திருப்பவர்கள் பேட்டரி மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

என்னுடையது ஏழு செல் வரிசைகளைத் தொடராக இணைத்த லித்தியம் பேட்டரி பேக். 10 ஆம்பியர்-அவர் கொள்ளளவுக்கு (10 ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் தரும் அளவு) புது செல் போடுவதாகச் சொல்லி 18,000 ரூபாய் வாங்கினார்கள். எடுக்கப் போன அன்று கடைக்காரர் மல்டிமீட்டரை வைத்தார்: 29.4 வோல்ட். "பாத்துக்கங்க சார், நூத்துக்கு நூறு." அப்புறம் ஸ்கூட்டரை ஒரு டிரம்மில் முக்கி, இரண்டு நிமிடம் ஓட்டியும் காட்டினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

இரண்டுமே சோதனை இல்லை. லித்தியம் செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட், ஏழுக்கு 29.4. பாதி உயிர் போன செல்லும் சார்ஜரிலிருந்து கழற்றியதும் அதையேதான் காட்டும். குடம் நிரம்பியிருக்கிறது என்று வோல்ட் சொல்லும்; அது குடமா சொம்பா என்று சொல்லாது.

புதுச்சேரி கடலில் டைவ் அடிக்கும் இடமான டெம்பிள் ரீஃப் பக்கம், நீரோட்டத்தை எதிர்த்துப் போய்க்கொண்டிருக்கும்போது மோட்டார் நின்றுவிட்டது. செத்த ஸ்கூட்டரையும் இழுத்துக்கொண்டு துடுப்புக் காலால் உதைத்துத் திரும்பியதில் சிலிண்டர் காற்று மளமளவென்று இறங்கியது. கடையில் கேட்டால், "கடல்ல அப்படித்தான் சார் சீக்கிரம் இறங்கும்" என்கிறார்கள். பழைய பேட்டரியும் இதே கடலில்தானே ஓடியது!

சரி என்று, நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் லாரி ஸ்பேர் கடையில் 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று வாங்கினேன். முழு சார்ஜ் ஏற்றி, ஆற விட்டு, எவ்வளவு கரண்ட் போகிறது என்று கணக்கு வைக்கும் வாட் மீட்டர் ஒன்றை நடுவில் போட்டுப் பல்பை எரியவிட்டேன். அது இழுப்பது சுமார் 3 ஆம்பியர். உண்மையான 10 ஆம்பியர்-அவர் பேக் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். ஒரு மணி பத்து நிமிடத்தில் அணைந்தது. மீட்டரில் 3.4 ஆம்பியர்-அவர்.

உடனே ஒவ்வொரு வரிசையாக அளந்தால் ஆறு வரிசை 3.5 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது, ஒன்று மட்டும் 2.8. அந்த ஒன்று விழுந்ததும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது. தெரிந்த பேட்டரிக்காரரிடம் பிரித்துப் பார்த்தோம். மேலே பளபளவென்று புது நீல உறை. நிக்கல் பட்டையை உரித்தால் செல் முனையில் புது வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே பழைய புள்ளிகள், தேய்த்தும் போகாமல். எங்கிருந்தோ கழற்றிய பழைய செல்கள்.

பாதிப் பணம் தருகிறேன் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பில்லில் 'பேட்டரி சர்வீஸ்' என்று மட்டும் எழுதியிருப்பதுதான் இப்போது இழுபறி. செல் பிராண்ட், மாடல், ஆம்பியர்-அவர் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பல்பு டெஸ்ட்டை உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். பல்பு பயங்கரமாகச் சுடும், ஓட்டுத் துண்டின் மேல் வைத்து எரியவிடுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். முத்தியால்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் பேக்கைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், என் மீட்டரிலேயே பார்த்துவிடலாம்.