பாம்பன் பாசிக்காரப் பெண்களின் கடை: கஞ்சிப்பாசி வாங்கலாமா?

பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் சிலர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய கடையில், வெயிலில் வெளுக்க வைத்த கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசியை 100 கிராம் பாக்கெட்டுகளாக விற்கிறார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி என்றதும் நோன்பு திறக்கும் நேரத்து இனிப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு, பாசியிலிருந்து எடுக்கும் உறைபொருளான அகர் அகரை மளிகைக் கடையிலேயே வாங்கிப் பழகிவிட்ட நாம், அகர் அகர் தரும் பாசிகள் மன்னார் வளைகுடாவிலேயே விளைகின்றன என்பதையும், அவற்றை மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பவர்கள் நம் ஊர்ப் பெண்கள் என்பதையும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடலில் செம்பழுப்பாக இருக்கும் இந்தப் பாசியை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து வெளுக்கச் செய்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்தால் மங்கிய மஞ்சள் நிறத்தில், நூல் சிக்கு போலக் கிடக்கிறது. கடல் வாடை லேசாகத்தான் வருகிறது. ஊறவைத்துப் பிசைந்தபோது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மணலும் பொடிச் சிப்பிகளும் தங்கின. ஆகவே தண்ணீர் தெளியும் வரை அலசுவது அவசியம். இளந்தீயில் நன்றாகக் குழைய வேகவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிப் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ஊற்றி வைத்தால், குளிர்பெட்டி இல்லாமலே உறைந்துவிடுகிறது. ஆனால் மளிகைக் கடை அகர் அகரைப் போலக் கத்தியால் துண்டு போடும் அளவுக்கு இறுகாது. கரண்டியில் எடுத்தால் தளதளவென்று ஆடும். வில்லை வில்லையாக வெட்டி அடுக்க நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கஞ்சியில் சேர்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை சுவைத்ததில்லை.

இந்தப் பாக்கெட்டுக்கு நான் மதிப்புக் கொடுப்பதற்குச் சுவை மட்டும் காரணம் அன்று. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடங்களிலேயே இப்பெண்கள் அத்துமீறுபவர்களாக நிறுத்தப்பட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விடை, தங்கள் தொழிலுக்குத் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டதுதான்: மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் பறிப்பது, ஆண்டில் 45 நாள் பாசியை வளரவிட்டு ஒதுங்கியிருப்பது. இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் பரிசு வழங்கப்பட்டது. விரல்களில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்கும் இவர்களுக்கு, எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், பாசி தழைக்கிறது, எங்கே தேய்கிறது என்பது கைவிரல்களிலேயே தெரியும்.

அந்த அறிவுதான் இன்று கடல் சூடேறும் காலத்தில் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெப்பத்தால் வெளிறியதை அறிவியலாளர்கள் அளந்து பதிவு செய்தார்கள். கடையில் இருந்த அக்கா அதையே தம் வழியில் சொன்னார்: “தங்கச்சி, முன்னெல்லாம் காத்து மாறுனா மாறுற நாளு தெரியும். இப்ப தண்ணி கொதிக்குது, காத்துக்கும் கணக்கு இல்ல. எறங்கலாம்னு போயிட்டு வெறுங்கையோட திரும்புறோம்.” வேலை நாட்களே 12 ஆகச் சுருங்கியிருக்கும்போது, அதில் ஓரிரு நாள் காற்றில் போனால் வீட்டு வரவில் எவ்வளவு விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு என்று பாசி வளர்ப்பை இப்போது பலரும் போற்றுகிறார்கள். தொண்டியை அடுத்த வளமாவூரில் 127.7 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வருமானம் தரும் திட்டங்களை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் நம் கடலுக்கு உரிய பாசி அன்று. அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடுவதை 2008-இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2013-க்குப் பிறகு அதே பாசி வெப்பத்தில் பெருமளவில் அழிந்து, மிதவை வைத்திருந்த குடும்பங்களை நட்டத்தில் தள்ளியது. எந்தப் பாசியை, எந்த இடத்தில், எந்த மாதத்தில் வளர்ப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் இந்தப் பெண்கள் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2015 பாரிஸ் உடன்பாட்டின் 7-ஆம் பிரிவே, மாறும் பருவநிலைக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ளும் பணிகள் சிறந்த அறிவியலையும், பொருத்தமான இடங்களில் மரபறிவையும் பழங்குடிகளின் அறிவையும் உள்ளூர் அறிவையும் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்கிறது. உலக நாடுகள் ஒப்பிய அந்த வாசகம் பாம்பன் வரைக்கும் வந்து சேர வேண்டும்.

கடைக்கு வருகிறேன். பேச்சும் கவனிப்பும் குறை சொல்ல முடியாதவை; கேட்டால் செய்முறையைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பாக்கெட்டில் அது அச்சிடப்படவில்லை, பறித்த மாதமும் இல்லை. எந்தப் பருவத்துப் பாசி என்று அச்சிட்டால் வாங்குபவருக்குப் பயன்படுவதோடு, கடல் எப்படி மாறுகிறது என்பதற்கு அவர்கள் கையிலேயே ஒரு பதிவும் சேரும். இதை அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலோர் கடலில் இருப்பதால் கடை பூட்டியிருக்கும். மற்ற நாட்களில் காலையில் போங்கள். நோன்புக்கு வேண்டுமானால் ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள், இருப்பு அதிகம் இல்லை.