கார் வராத சரளைப் பாதைகள்: காலாங், பொங்கோல், உபின், ரயில் காரிடர்

சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, இதை சிங்கப்பூரில் எங்கே ஓட்டுவது என்பதுதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைச்சரிவு, இடையில் கார் நுழையாத சரளைப் பாதை என்று வெளிநாட்டுப் பள்ளத்தாக்குகளைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலரும் இந்த வகைச் சைக்கிளை வாங்குகிறார்கள். நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா உச்சி 164 மீட்டரைத் தாண்டாத ஊரில் அப்படியொரு பள்ளத்தாக்கு முழுசாகக் கிடைக்காது. ஆனால் அதன் சுகத்தைப் பங்கு பங்காகத் தருகிற நான்கு தடங்கள் நமக்கு உண்டு. டயருக்கு அடியில் என்ன இருக்கிறது, சாலையைக் கடக்க எத்தனை முறை காலை ஊன்ற வேண்டியிருக்கிறது, தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பவற்றை வைத்து அவற்றை ஒப்பிடுகிறேன்.

ஆறுதான் வேண்டும் என்பவர் முதலில் காலாங் ஆற்றங்கரைக்குப் போகட்டும். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா நீர்த்தேக்கம் வரை ஓடும் இந்த 10 கிலோமீட்டர் ஆறுதான் சிங்கப்பூரிலேயே நீளமானது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாகக் கிடந்ததை, 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். கனமழையில் நீர் ஏறினால் உணர்கருவிகள் கண்டறிந்து, எச்சரிக்கை விளக்கும் ஒலியும் எழுப்பி மக்களைக் கரையேறச் சொல்லும் ஏற்பாடும் அங்கு உண்டு. ஒருநாள் காலை ஏழு மணிக்கு அங்கே சைக்கிளை நிறுத்தியபோது, நீர்நாய் ஒன்று கல்லின்மேல் மல்லாந்து, இரண்டு முன்கால்களாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. முள் நொறுங்கும் சத்தம் தெளிவாகக் காதில் விழுந்தது. இவ்வளவு இருந்தும், கிராவல் சைக்கிளுக்கு இங்கே வேலை குறைவு. பாதை பெரும்பாலும் கெட்டியாகத் தளம் போட்ட தரை. பூங்காவைத் தாண்டியதும் ஆறு மறுபடி கான்கிரீட் கரைகளுக்குள் போய்விடுகிறது. பெரிய சாலைகள் குறுக்கிடும் இடங்களில் இறங்க வேண்டியிருக்கிறது. பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்று விதி அனுமதித்தாலும், காலை நடைக்கு வரும் முதியவர்களும் பிள்ளைகளும் நிறைந்த இடத்தில் அந்த வேகம் தகாது. பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்க இதைவிட நல்ல கரை இல்லை; சரளை தேடுபவருக்கு இது போதாது.

பொங்கோல் - லோரோங் ஹாலுஸ் - கோனி தீவுத் தடத்தில் தண்ணீரும் சரளையும் சேர்ந்து வருகின்றன. சுங்கை சிராங்கூன் ஆற்றின் முகத்துவாரம் 2011இல் அடைக்கப்பட்டு நீர்த்தேக்கமாயிற்று. அதன் கரையோரமாகவே சவாரி. லோரோங் ஹாலுஸ் 1999 வரை குப்பை கொட்டிய நிலம். அந்தக் குப்பையில் ஊறி வடியும் நீரை நாணல் படுகைகளில் விட்டுச் சுத்திகரிக்கும் ஈரநிலம்தான் இப்போது அங்கே பச்சையாக விரிந்திருக்கிறது. சிவப்புப் பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால், ஒரு கரையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள், எதிர்க்கரையில் நாணல். கோனி தீவுக்குள் நுழைந்ததும் சவுக்கு மரங்களின் நிழலில் பாதை கரடுமுரடாகிறது. டயர் கரகரவென்று பேசத் தொடங்கும் இடம் அதுதான். கூட்டம் குறைந்த இந்தத் தீவில் திமில் வைத்த பிராமன் காளை ஒன்று பல ஆண்டுகள் தன்னந்தனியாக வாழ்ந்து 2016இல் இறந்தது. கோவில் மாடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தீவைக் கடக்கும்போதெல்லாம் அதன் நினைவு வரும். குறை என்னவென்றால், தடம் சிறியது. தீவுக்குள் ஓடும் முக்கியப் பாதை இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவு. வாயிற்கதவு காலை ஏழுக்குத் திறந்து மாலை ஏழுக்கு மூடிவிடும். ஆற்றின் அழகுக்கு முதல் மதிப்பெண் தருவதென்றால் நான் இதற்கே தருவேன்.

புலாவ் உபின் தீவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேடு பள்ளம், கற்சுரங்கக் குளங்கள், கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் செங்குத்தான இறக்கங்கள் எல்லாம் உண்டு. தரையைப் பொறுத்தவரை நான்கிலும் சிறந்தது இதுதான். ஆனால் சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருந்து, சைக்கிளைப் படகில் தூக்கி வைத்துப் போக வேண்டும். தீவிலும் வேன்கள் ஓடுகின்றன. வளைவுகளில் எதிரே வந்துவிடும். கார் வராத பாதை என்று கேட்பவருக்கு இதை முழுமனத்தோடு சொல்ல முடியவில்லை.

இனி ரயில் காரிடர். தஞ்சோங் பகாரையும் உட்லண்ட்சையும் இணைத்த மலாயா ரயில்பாதையில் 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் புறப்பட, மறுநாள் அந்த 24 கிலோமீட்டர் நிலம் சிங்கப்பூரிடம் வந்து சேர்ந்தது. இங்கே ஆறு கிடையாது. ஆனாலும் பள்ளத்தாக்கில் ஓட்டுகிற உணர்வை இந்தத் தடமே மற்ற எதையும்விட அதிகமாகத் தருகிறது. அதற்குக் காரணம் உண்டு. நீராவி இன்ஜினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகவே ரயில்பாதை போட்டவர்கள், ஆறு வழி தேடுவதைப் போலவே, மலைகளுக்கு இடையே தாழ்வான நிலத்தைத் தேடிப் போனார்கள். புக்கிட் தீமாவுக்கும் புக்கிட் கொம்பாக்குக்கும் நடுவே பாதை நுழையும் இடத்தில், இருபுறமும் காடு உயர்ந்து நிற்க, மிதிப்பது தெரியாத சரிவில் சக்கரம் தானாக உருள்கிறது.

தடையின்மைக்கும் வரலாறே காரணம். 1932இல் தெற்குப் பகுதியை மாற்றி அமைத்தபோது, சாலைகளோடு ஒரே மட்டத்தில் குறுக்கிடாதபடி பாலங்களின் மேலும் கீழும் பாதையைக் கொண்டு சென்றார்கள். அதனால்தான் தென்பாதியில் காலை ஊன்ற வேண்டிய அவசியம் அரிது. வடக்கே சுவா சூ காங் சாலை, கிராஞ்சி சாலை போன்ற இடங்களில் அந்தக் காலத்தில் ரயில்வே கேட் இருந்தது. அங்கே ஓட்டத்தின் தாளம் அறுகிறது. அதே 1932இல் ரயில்வேத் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே தண்டவாளத்தின் ஓரம் ஒரு குடிசையில் முனீஸ்வரரை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். அந்தக் கோவில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கிறது. தெற்கே போகும் நாள்களில் சற்றே விலகிப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

சீர்செய்த பகுதிகளில் தரை, மழைநீரை உள்ளே விடும்படி இறுக்கிய சரளை. ஓரங்களில் புல் படர்ந்திருக்கும். 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அதிர்வே தெரியாது. மெல்லிய டயருடன் மழைக்கு மறுநாள் போய், ஈரப் புல்லில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட பிறகுதான் நான் டயரை மாற்றினேன். நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் தண்ணீர் தேங்கும் இடங்கள் இருக்கும். ஒருநாள் காயவிட்டுப் போவது பாதைக்கும் நல்லது.

போய்ச் சேரும் வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் மடக்குச் சைக்கிளை மட்டுமே ஏற்ற முடியும். பொங்கோலுக்கும் சாங்கிக்கும் தீவின் மறுமுனையிலிருந்து ஓட்டிப் போவதற்குள் பாதித் தெம்பு தீர்ந்துவிடும். ரயில் காரிடர் தீவின் நடுவே வடக்கு தெற்காகச் செல்வதால், மேற்கிலும் மத்தியிலும் குடியிருக்கும் பலருக்கு அது கைக்கெட்டும் தூரம்.

ஆகவே என் தேர்வு ரயில் காரிடர்தான். தண்ணீரைப் பார்க்க ஏங்கும் வாரங்களில் மட்டும் பொங்கோலுக்குப் போகிறேன். மழைக்குப் பிறகு சேற்றைக் கண்டு சலித்துக்கொள்ளும் சைக்கிள் நண்பர்கள், இதற்கும் தார் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. சரளை இருப்பதால்தான் மழை மண்ணுக்குள் இறங்குகிறது. சரளை இருப்பதால்தான் நாம் வேகத்தைக் குறைக்கிறோம். நடப்பவர்கள் நம்மைப் பார்த்து ஒதுங்கி ஓடாமல் இருக்கிறார்கள். தார் வேண்டும் என்பவருக்குப் பூங்கா இணைப்புப் பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தின் அருகே, இரும்புப் பாலத்தின் கீழே சாலையில் கார்கள் வரிசைகட்டி நிற்க, மேலே எந்தத் தடையும் இல்லாமல் உருண்டு போகலாம் என்கிற அந்த 30 விநாடிகள், எனக்குத் தெரிந்து வேறெந்தத் தடத்திலும் கிடையாது.