கள ஆய்வுக்கு முக்கொம்பா, கல்லணையா?

திருச்சிப் பள்ளிகள் காவிரியில் கள ஆய்வு செய்ய இரண்டு நல்ல இடங்கள் உண்டு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. அங்கே கொள்ளிடத்தின் பழைய மதகுகள் 2018 வெள்ளத்தில் உடைந்தன. ஆற்றின் விசையை விளக்க அதைவிடச் சான்று வேண்டாம்.

கல்லணையிலோ காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நீர் நான்காகப் பிரிகிறது. எந்த மதகு எந்தப் பக்கத்து வயல்களுக்கு என்று வரைபடத்தில் தொடரலாம், கேள்வித்தாளோடு விவசாயிகளிடம் பேசலாம். முதன்முறை செல்லும் பிள்ளைகளுக்குக் கல்லணைதான் என் தேர்வு.

நாள் குறிக்குமுன் மேட்டூர் நிலவரத்தைப் பாருங்கள். வழக்கமான திறப்பு ஜூன் 12. மணல்திட்டுகளை அளக்க வேண்டுமானால் அதற்கு முன்பே போய்விடுங்கள். நீர் வந்தபின் பிள்ளைகளை ஆற்றில் இறக்கவே கூடாது.